சீட்டுக்கு அடியில் மீன் வறுபடும் வாசம்

மலேசியாவில், பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத்தில் 14 வருடமாகத் தோட்டம் தோட்டமாகப் போய் மீனும் காய்கறியும் விற்கிறேன். விடிவதற்கு முன்பே பெர்ணம் ஆற்றோர ஜெட்டியில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, 7 மணிக்குள் முதல் லயத்து முனையில் ஹார்ன் அடித்தாக வேண்டும். அரை மணி தாமதமானால் மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர் முந்திவிடுவார். வழியில் வண்டி நின்றால் அன்றைய பொழுதே போச்சு. ஐஸ் கரையும், மீன் போகும், கடனுக்கு எடுத்த சரக்குக்கு மாலையில் பதில் சொல்ல வேண்டும்.

வண்டி நிஸான் வெனட். இந்த வேனைத் தெரியாத ஆள் நம் நாட்டில் குறைவு. 1.5 லிட்டர் ஏ15 பெட்ரோல் எஞ்சின், கார்பரேட்டர் வண்டி. எஞ்சின் இருப்பது நாம் உட்காரும் முன்சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கி மூடியைத் திறந்தால்தான் கண்ணில் படும். நம் காலடித் தளம்தான் அதற்குக் கூரை. கூரை ஒழுகினால் வீடு நனைவது மாதிரி, தளம் ஒழுகினால் எஞ்சின் நனையும். இது எனக்கு உறைக்கக் கிட்டத்தட்ட 2 மாதம் ஆனது.

முதலில் நின்றது நவம்பரில். மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பர் என்றாலே மழைதான். செம்மண் கொட்டிய தோட்டப் பாதையில், இரண்டு பக்கமும் செம்பனை, நடுவில் நான். வண்டி இரண்டு தடவை இருமியது, மூன்றாவது தடவை அடங்கிவிட்டது. சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். டெல்கோ, அதாவது பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், அதன் மூடி வியர்த்த நெற்றி மாதிரி நனைந்திருந்தது. துண்டால் துடைத்து, உள்ளேயும் ஒற்றி எடுத்து, மூடி மாட்டினேன். ஸ்டார்ட் ஆனது. மழைத் தண்ணீர் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பட்டறையில் ஃபோமனும் (மெக்கானிக்) அதையேதான் சொன்னார். “அண்ணே, முன் கண்ணாடி ரப்பர் செத்துப்போச்சு. தண்ணி டேஷ்போர்டுக்குப் பின்னால எறங்கி, பாய்க்கு அடியில ஓடி, எஞ்சின்ல விழுது.” கண்ணாடியைக் கழற்றி, ரப்பர் மாற்றி, 180 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். அவர் சொன்னது தப்பில்லை, அந்த ரப்பர் நிஜமாகவே விறைத்துப்போய்த்தான் இருந்தது. ஆனால் நாலு நாள் கழித்து, சொட்டு மழை இல்லாத ஒரு சனிக்கிழமை காலை, வண்டி மறுபடியும் நின்றது.

அப்போது நான் செய்தது பெரிய தப்பு. யாரும் செய்துவிட வேண்டாம் என்றுதான் இதைச் சொல்கிறேன். கடையில் மலிவான சிலிக்கோன் ஒரு குழாய் வாங்கி, எஞ்சின் மூடியைச் சுற்றி, இடுக்கே தெரியாத அளவுக்குப் பூசி அடைத்துவிட்டேன். அதனால் மூன்று கெடுதல் வந்தது. மூடியைத் திறக்க முடியாததால் ஆயிலும் ரேடியேட்டர் தண்ணீரும் பார்ப்பது நின்றுபோனது. வேறு வழியாக வந்த தண்ணீர் எங்கே விழுகிறது என்று பார்க்கவும் வழியில்லை. கடைசிக் கெடுதல் அந்தச் சிலிக்கோனே. காடி மாதிரி புளிப்பு வாசம் அடிக்கிற சிலிக்கோன் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். இரும்பிலும் செம்புக் கம்பியிலும் பட்டால் அரிக்கும். மூடியின் ஓரத்தில் பெயின்ட் போயிருந்த இடமெல்லாம் 3 வாரத்தில் துரு எழும்பியது.

வழி காட்டியவர் என் மனைவி. தீபாவளி முடிந்து ஒருநாள் தெலுக் இந்தானுக்குப் போக என்னோடு முன்சீட்டில் ஏறினார். நான் ஜெட்டியிலிருந்து நேராக வந்திருந்தேன், பின்னால் ஐஸ் பெட்டிகள். 10 நிமிடம் போயிருக்கும். “என்னங்க, யாரோ கெம்போங் மீன் வறுக்கிற மாதிரி இருக்கே” என்றார். மீன் வண்டியில் மீன் நாற்றம் அடிக்காமல் வேறு என்ன அடிக்கும் என்றேன். “நாத்தம் இல்லீங்க. வறுக்கிற வாசம்” என்று அழுத்திச் சொன்னார்.

தினமும் அந்த வாசத்தில் கிடக்கிற என் மூக்குக்கு அது தெரியவில்லை. வண்டியை ஓரம் கட்டி, கத்தியால் சிலிக்கோனை அறுத்து மூடியைத் திறந்தேன். எக்ஸோஸ் குழாய் (எஞ்சின் புகை வெளியேறும் குழாய்) மேல் பழுப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. அதற்கு மேலே வயர்க்கட்டில் ஒரு சொட்டு நின்றுகொண்டிருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. மழைத் தண்ணீர் உப்புக் கரிக்காது.

சம்பள வாரத்தில் சரக்கு அதிகம், ஐஸும் அதிகம். வண்டி மழை பெய்யாத நாளில் நின்றதெல்லாம் சம்பள வாரத்தில்தான் என்று அப்போதுதான் கணக்குப் பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் சோதனை செய்தோம். மெனக்கெட வேண்டிய வேலை, ஆனால் செலவு 2 வெள்ளிகூட ஆகாது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, மகளின் பழைய பள்ளிக்கூடத் தாள்களை எஞ்சின் மேலும், வயர்க்கட்டின் மேலும், மூடியின் உட்பக்கத்திலும் டேப் போட்டு ஒட்டினேன். ஒரு வாளியில் மஞ்சள் தூள் கரைத்த தண்ணீர், இன்னொரு வாளியில் துணிக்குப் போடும் நீலம் கரைத்த தண்ணீர். மஞ்சள் தண்ணீரைப் பின்பக்கச் சரக்குத் தளத்தில் ஊற்றினேன். நீலத்தை முன் கண்ணாடி ஓரத்தில் மழை பெய்வது மாதிரி மெதுவாக ஊற்றினேன். ஒன்றை ஊற்றி 10 நிமிடம் காத்திருந்து, தாளைப் பார்த்த பிறகுதான் அடுத்தது. ஊற்றும்போது கீழே இருந்து தொடங்கி மேலே போக வேண்டும். மேலே இருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எது எந்த ஓட்டை என்று தெரியாது. ஒருவர் ஊற்ற, ஒருவர் உள்ளே டார்ச் லைட்டோடு உட்கார வேண்டும். முடிந்ததும் ஒட்டிய தாள் எல்லாவற்றையும் எண்ணி எடுங்கள். ஒன்று விட்டுப்போய் எக்ஸோஸ் மேல் விழுந்தால் தீப்பிடிக்கும்.

வண்டி மட்டமாக நின்றபோது மஞ்சள் தண்ணீர் ஒரு சொட்டுகூட எஞ்சினுக்குள் வரவில்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அப்புறம் மகள்தான், “அப்பா, நீங்க பிரேக் போட்டா தண்ணி முன்னாடிதானே வரும்?” என்று கேட்டாள். பின் சக்கரம் இரண்டையும் பலகை மேல் ஏற்றி மூக்கைத் தாழ்த்தினோம். தாளில் மஞ்சள் பூத்தது. இரண்டே இரண்டு இடத்தில், காசு அளவு வட்டமாக.

சரக்குத் தளத்தின் மேல் போட்டிருந்த பிளைவுட் பலகையைக் கழற்றினால் விஷயம் பட்டவர்த்தனம். வண்டியை முன்பு வைத்திருந்தவர் சீட்டுக்குப் பின்னால் இரும்புத் தடுப்பு போட்டிருக்கிறார். விற்கும்போது தடுப்பைக் கழற்றிவிட்டு, போல்ட் ஓட்டைகளை அப்படியே விட்டுவிட்டார். ஐஸ் பெட்டியிலிருந்து கசிகிற தண்ணீர் பிளைவுட்டுக்கு அடியில் தேங்கும். சாலையில் ஒவ்வொரு வேகத்தடையிலும் நான் பிரேக் போடும்போது முன்னால் ஓடி, ஓட்டை வழியாக இறங்கி, வயரைப் பிடித்துக்கொண்டே டெல்கோ வரை போகும். மீன் ஐஸ் தண்ணீரில் உப்பு கலந்திருக்கும். நல்ல தண்ணீரைவிட அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதோடு, காய்ந்த பிறகும் உப்பு அங்கேயே படிந்திருந்து காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். பனி இறங்கிய காலையில் வண்டி முரண்டு பிடித்ததற்கு அதுவே காரணம்.

நீலமும் கொஞ்சம் வந்தது, மறைக்கவில்லை. அது கண்ணாடி ரப்பர் வழியாக வரவில்லை. வைப்பருக்குக் கீழே காற்று போகிற சல்லடைக்குள் செம்பனைப் பூத்தூளும் சருகும் அடைந்து, தண்ணீர் வெளியேறும் குழாய் மூடிக் கிடந்தது. வெளியே போக வேண்டியது நிரம்பி உள்ளே வழிந்தது. மரத்தடியில் வண்டி நிறுத்துகிறவர்கள் மாதம் ஒருமுறை அந்தச் சல்லடையைக் கழற்றிச் சருகை அள்ளிப் போடுங்கள். குழாயில் வளையும் கம்பியைப் பக்குவமாக விட்டு எடுத்து, ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். கீழே தரையில் ஒழுகினால் சரி.

ஓட்டையை வெல்டிங் வைத்து அடைக்கலாமா என்று ஃபோமனிடம் கேட்டேன். நேர் கீழே பெட்ரோல் குழாயும் கார்பரேட்டரும் இருக்கிற இடத்தில் நெருப்பு வேண்டாம் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அந்த வார்த்தைக்கு அவருக்கு நன்றி. துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்து, இரும்பு கெட்டியாக இருக்கிற வரை சுரண்டினோம். துருவுக்கு அடிக்கும் பிரைமர் இரண்டு கோட், அதன் மேல் பெயின்ட். நன்றாகக் காய்ந்ததும் ஸ்டெயின்லெஸ் போல்ட், மேலும் கீழும் அகலமான வாஷர், இரண்டு பக்கமும் ரப்பர் வாஷர். சுற்றிலும் கார் கண்ணாடி ஒட்டுகிறவர்கள் பயன்படுத்துகிற கறுப்பு பியூ (பாலியூரித்தேன்) கம். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டோம். துரு மேலேயே கம் பூசினால் துரு உள்ளேயே தின்னும், கம் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும்.

அப்புறம் எஞ்சின் மூடியின் ரப்பர். பழையது அப்பளம் மாதிரி தட்டையாகிவிட்டது. அது நன்றாக அமர்கிறதா என்று பார்க்க சாக்பீஸ் போதும். மூடி உட்காரும் விளிம்பில் சாக்பீஸைத் தேய்த்து, மூடியை மூடித் திறங்கள். ரப்பரில் எங்கெல்லாம் வெள்ளைக் கோடு ஒட்டவில்லையோ அங்கெல்லாம் இடைவெளி. எனக்கு இடது பின் மூலையில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடே இல்லை. புது ரப்பர் வாங்கும்போது தண்ணீர் குடிக்காத வகையாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு துண்டைத் தண்ணீரில் அமுக்கிப் பிழிந்தால் தெரிந்துவிடும். தண்ணீர் குடிக்கிற பஞ்சு ரகம் ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்பைக் கெடுக்கும். ஒட்டும்போது இழுத்து ஒட்டாதீர்கள். இரண்டு வாரத்தில் சுருங்கி, சேர்க்கிற இடத்தில் வாய் பிளக்கும். தாராளமாக விட்டு ஒட்டி, சேர்ப்பைத் தண்ணீர் வராத பக்கமாக வையுங்கள். ரொம்பத் தடியாகவும் வேண்டாம், மூடி பூட்டாது. இந்த ரப்பர் தண்ணீருக்காக மட்டும் இல்லை. எஞ்சின் புகை நாம் உட்காரும் இடத்துக்கு ஏறாமல் தடுப்பதும் இதுதான். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏர்கோன் போட்டு ஓட்டுகிறவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

ஆனால் எவ்வளவு அடைத்தாலும் தண்ணீர் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். அதற்கு நாமே ஒரு வழி வைக்காவிட்டால் அது தானே ஒன்றைத் தேடிக்கொள்ளும். என் வண்டியில் வேலை நிலைத்தது இதைச் செய்த பிறகுதான். ஐஸ் பெட்டிகளுக்குக் கீழே விளிம்பு உயர்ந்த அலுமினியத் தட்டு ஒன்று செய்து போட்டேன், பின்பக்கம் ஒரு விரல் அளவு தாழ்வாக. தட்டின் மூலையில் ஒரு குழாய், அது பின்கதவு ஓரத்தில் வைத்த எண்ணெய் டின்னுக்குள் போகிறது. சாலையில் ஒழுகவிடவில்லை. மீன் தண்ணீர் தாரில் விழுந்தால் பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள் வழுக்கும், பாவம். தட்டுக்கு முன்னால், சீட்டுக்குப் பின்புறம், குறுக்காக ஒரு மரச்சட்டம் வைத்துக் கம் போட்டு ஒட்டினேன். திடீர் பிரேக்கில் தட்டைத் தாண்டி வருவது அங்கே நின்றுவிடும்.

வண்டி கழுவும் முறையையும் மாற்றினேன். மீன் வண்டியைத் தினமும் கழுவாமல் முடியாது. எங்கள் வாசல் சாக்கடைப் பக்கம் சரிந்தது. நான் இத்தனை வருடமும் மூக்கு சாக்கடைப் பக்கம் இருக்கும்படி நிறுத்திக் கழுவியிருக்கிறேன். மொத்தத் தண்ணீரும் முன்னால்தான் ஓடியிருக்கும். இப்போது திருப்பி நிறுத்துகிறேன். மூக்கு மேட்டில், பின்கதவு பள்ளத்தில். நம் ஊர் மாதிரி தட்டையான நிலத்தில் மேடு இல்லாவிட்டால் முன் சக்கரத்துக்கு அடியில் பலகை வையுங்கள், கைப்பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு. பைப்பைப் பீய்ச்ச வேண்டாம், வாளியும் குவளையும் போதும். ஓடி வந்த சூட்டோடு எஞ்சின் பக்கம் தண்ணீர் ஊற்றவே கூடாது, சுட்டுக் கிடக்கும் வார்ப்பிரும்பு வெடிப்பு விடலாம்.

டெல்கோ பற்றியும் சொல்லியாக வேண்டும். மூடியைக் கழற்றி உள்பக்கம் வெளிச்சத்தில் பாருங்கள். பென்சில் கோடு மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு ஓடியிருந்தால், மின்சாரம் அந்த வழியாகத் தப்பி ஓடுகிறது என்று அர்த்தம். துடைத்துப் பயன் இல்லை, மூடியை மாற்ற வேண்டும். பிளக் வயர்களைக் கழற்றும் முன் ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். ஏ15-இல் எரியும் வரிசை 1-3-4-2. மாற்றி மாட்டினால் தண்ணீர்ப் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டே நாள் முழுக்க அலைய வேண்டிவரும். வயரின் ரப்பர் தொப்பிக்குள் சிலிக்கோன் கிரீஸ் கொஞ்சம் தடவி மாட்டுங்கள். வேறு எண்ணெயோ மண்ணெண்ணெயோ வேண்டாம், ரப்பர் ஊதிப் பிசுபிசுக்கும். தெரிந்த ஒருவர் டெல்கோவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கட்டினார். டெல்கோவுக்கு மூச்சு வேண்டும். உள்ளே வியர்த்து இன்னும் சீக்கிரம் நின்றது, பை எக்ஸோஸில் உருகி ஒட்டவும் செய்தது.

வயர் மேலிருந்து இறங்கி நேராகச் சாக்கெட்டுக்குள் போனால், தண்ணீரும் அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே போய்விடும். சாக்கெட்டுக்குக் கொஞ்சம் கீழே தொங்கி, பிறகு மேலேறிப் போகிற மாதிரி வளைத்துக் கட்டினால், தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும். கூரை விளிம்பில் தண்ணீர் சொட்டுமே, அதே மாதிரி. இரண்டு கேபிள் டை செலவுதான். எக்ஸோஸிலும் காற்றாடியிலும் படாமல் கட்டுங்கள்.

மின்சாரம் கசிகிறதா என்று பார்க்க, இருட்டில் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டால் நீலப் பொறி தெரியும். கையை நீட்டாதீர்கள். தோளில் துண்டு இருந்தால் முதலில் அதை எடுத்து வையுங்கள், பெல்ட் இழுத்தால் கையும் கூடவே போகும்.

கீழிருந்து வருவது தனி. சக்கரம் அடிக்கிற சேற்றுத் தண்ணீரைத் தடுக்க, உள்பக்கம் இருக்க வேண்டிய ரப்பர் தகடு என் வண்டியில் கிழிந்து போயிருந்தது. பழைய லோரி மட்கார்டு ரப்பரை வெட்டி, அதே அளவில், பழைய ஓட்டைகளிலேயே மாட்டினேன். முழுவதும் மூடிவிடக் கூடாது, எஞ்சினுக்குக் காற்று வேண்டும்.

ஆற்றில் தண்ணீர் ஏறுகிற நாளில் கனமழையும் சேர்ந்தால் எங்கள் பக்கத்துத் தாழ்வான பாதைகள் முங்கிவிடும். அந்தத் தண்ணீரில் எஞ்சின் அடங்கினால், தயவுசெய்து மறுபடி சாவியைத் திருகாதீர்கள். காற்று இழுக்கும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். தள்ளிக் கரை சேர்த்து, நாலு பிளக்கையும் கழற்றி, இக்னிஷன் காயிலின் வயரையும் எடுத்துவிட்டு, தண்ணீர் வெளியே வருகிறதா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட்டர். ஆயில் குச்சியில் தேத்தாரே (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) நுரை மாதிரி தெரிந்தால் ஆயிலை மாற்றாமல் ஓட்ட வேண்டாம்.

இதெல்லாம் செய்து அடுத்த மழைக்காலமும் ஒன்று தாண்டிவிட்டது. வழியில் ஒருநாள்கூட நிற்கவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு எஞ்சின் ஆறிய பிறகு தாள் ஒட்டி, மஞ்சள் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறேன், மகள் டார்ச் பிடிக்கிறாள். போன ஞாயிறு தாளில் மஞ்சள் இல்லை. ஆனால் டிரைவர் பக்கக் கதவின் அடியில் பாய் லேசாக ஈரம். கதவின் கீழ் விளிம்பில் இருக்கும் சின்னத் துளைகளில் மண் அடைந்திருந்தது. குச்சியால் குத்தியதும் அரைக் குவளைத் தண்ணீர் கொட்டியது. அந்தக் கதவு ரப்பரும் ஓரத்தில் கிழிந்திருக்கிறது. தெலுக் இந்தான் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை வரும் என்றார்கள். அதுவரை டிரைவர் பக்கம் சுவரை ஒட்டி இருக்கும்படி நிறுத்துகிறேன்.